வாசலில் கட்டிய கருப்பு

காலை நல்லா உதறிட்டு உள்ள வா தாயி, அட்டை ஏறியிருக்கும். அந்தா, கெண்டைக்கால்ல ஒண்ணு தொங்குது பாரு. புடுங்காத, புடுங்காத. இந்தா உப்பு. வச்சா அதுவா விழுந்துரும். ரத்தம் நிக்கக் கொஞ்சம் நேரமாகும், அதுக்கெல்லாம் பயப்படாத. இந்த மலைக்கு வர்றவுக யாரா இருந்தாலும் முதல்ல அட்டைக்குக் குடுத்துட்டுத்தான் மத்த சோலி.

இப்படி உக்காரு. நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். காலையில இருந்து இந்த எஸ்டேட்டு லைன் வீடு பூரா இதே பேச்சுதான். வேன் வருது, வீட்டு வீட்டுக்கு நாயைப் புடிச்சு ஏத்திக்கிட்டுப் போகப்போறாகன்னு. மேல் டிவிஷன்ல போன மாசம் சோலைக்காட்டுல இருந்து அது இறங்கி வந்து ஒரு புள்ளையைப் பிராண்டிட்டுப் போச்சாமே, அதனால இனி லைன்ல நாயே இருக்கக்கூடாதுன்னு துரை ஆர்டராம். மேனேஜரைத்தான் சொல்றேன். நாங்க பழைய ஆளுக, எங்களுக்கு யார் வந்தாலும் துரைதான்.

என் மக வசந்தி தேயிலைக் கொழுந்து எடுக்கப் போயிருக்கா. "அம்மாகிட்டப் பேசிக்கிருங்க"ன்னு சொல்லியிருப்பாளே? சொல்லுவா. வம்பு புடிச்ச வேலை எதுனாலும் என் தலையிலதான் கட்டுவா. பேத்தி தர்ஷினி பள்ளிக்கூடம் போயிருக்கு. நாலரைக்கு வண்டி வரும். அது இறங்கி வர்றப்போ லட்டு வாசல்ல நிக்கலைன்னா இன்னைக்கு இந்த வீட்டுல யாரும் சோறு திங்க முடியாது, சொல்லிட்டேன்.

அந்தா, வாசல்ல நீ விட்ட செருப்பை மோந்துக்கிட்டு நிக்குதே, அதுதான் லட்டு. உன்கிட்ட வாலாட்டுதுன்னு கூட்டிட்டுப் போயிரலாம்னு நினைக்காத. அது போஸ்ட்மேனுக்கே வாலாட்டும்.

நாயை நான் குடுக்க மாட்டேன் தாயி. உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லவே கஷ்டமாத்தான் இருக்கு, சின்னப் புள்ளையா இருக்க. ஆனா குடுக்க மாட்டேன். வீம்புக்குச் சொல்லல. இந்த வீட்டுல எட்டு வயசுப் பொட்டப்புள்ளை ஒண்ணு இருக்கு. வாசல்ல நாய் இல்லாம அந்தப் புள்ளையை வச்சுக்கிட்டு நான் எப்படி இருக்கிறது? காரணத்தைக் கேட்டுக்க, அப்புறம் உன் ஃபாரத்துல என்ன எழுதணுமோ எழுதிக்க. டீ குடிக்கிறியா? பால் கிடையாது. கொழுந்தெல்லாம் நாங்க எடுக்கிறது, குடிக்கிறது என்னமோ சல்லடையில கடைசியா விழுற தூளுதான். வண்டிக்காரரை அவசரப்பட வேண்டாம்னு சொல்லு. அவருக்கும் ஒரு கிளாஸ் ஊத்துறேன்.

எத்தனை நாய் வளர்த்தீகன்னா கேக்குற? ஃபாரத்துல அப்படியா போட்டிருக்கு? எப்படிச் சொல்றது? எனக்கு ஒரே நாய்தான் தாயி. கருப்பு. எல்லாத்துக்கும் கருப்புன்னுதான் பேரு. எங்க மாமியா வச்சிருந்தது நிசமாவே கருப்பு நிறம். அது போனப்புறம் வந்தது செம்மி, செவப்பு நிறம். அதுக்கும் கருப்புதான். அடுத்தது சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை வெளேர்னு ஒரு பொட்டை. வாசல்ல நின்னு "ஏ கருப்பு"ன்னு நான் கூப்பிட்டா எதிர் லைன்ல இருக்கிறவளுக சிரிப்பாளுக. "இருளாயி அக்காவுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணணும்டி"ம்பாளுக. சிரிச்சுட்டுப் போங்கடின்னு விட்டுருவேன்.

புள்ளைகளுக்காகத்தான் ஒரே பேரு. எனக்கு மூணு புள்ளைக. மூத்தவன் ஜெயபால், நடுவுல வசந்தி, கடைக்குட்டி குமரேசன். ஒரு நாய் போச்சுன்னா மறுநாளே ஃபேக்டரிப் பக்கமோ கேன்டீன் பக்கமோ போய் எவன்கிட்டயாவது ஒரு குட்டியைக் கேட்டு வாங்கிட்டு வந்துருவேன். "கருப்பசாமி வேட்டைக்குப் போறப்போ துணைக்கு வேணும்னு நம்ம கருப்பைக் கூட்டிட்டுப் போனாரு, இப்பச் சின்னதாக்கி, வேற சட்டை போட்டுவிட்டுத் திருப்பி அனுப்பிட்டாரு"ன்னு சொல்லுவேன். புள்ளைக குட்டியோட கன்னத்தைப் புடிச்சுப் பாத்துட்டு, ஆமாம்மா, கண்ணு அதே கண்ணுதான்னு சொல்லுங்க. நம்பும். நல்ல புள்ளைக.

நான் ராமநாதபுரம் பக்கத்துல இருந்து வாக்கப்பட்டு வந்தவ. அங்க நாய்னா தெருவுல கிடக்கும், கல்லெடுத்தா ஓடும், அவ்வளவுதான். இங்க வந்த முதல் நாள் சாயங்காலம் என் மாமியா என்னை விளக்குப் பொருத்தச் சொல்லல. கையில ஒரு தென்னங்கயித்தைக் குடுத்தா. "ஏ புள்ளை, பொழுது மசங்குமுன்னே கருப்பை வாசல்ல கட்டிப்போட்டுட்டு உள்ள வந்து கதவைச் சாத்து. அது சோலையில இருந்து இறங்கி வந்துச்சுன்னா வாசல்ல இருக்கிறதோட போயிரும். உள்ள இருக்கிற புள்ளைகிட்ட வராது"ன்னா. அது அதுன்னா எதுன்னு கேட்டேன். என் வாயைப் பொத்துனா. பொழுது சாஞ்சப்புறம் சிறுத்தைன்னு பேர் சொல்ல மாட்டோம் நாங்க. சொன்னா வந்துருமாம். இப்பப் பகல்தான், சொல்லலாம்.

சங்கிலி வாங்கிக் கட்டலாமே அத்தைன்னு கேட்டதுக்கு, "கயிறுதான் போடணும். அது இழுக்கிறப்போ கயிறு அத்துக்கிட்டு வந்துரணும். வாசல்லயே வச்சுத் தின்னுச்சுன்னா விடிஞ்சு புள்ளைக பார்த்துப் பயந்துருங்க"ன்னா. அவ்வளவு யோசனை பண்ணிச் செய்யிற பொம்பளை. அவ ஆறு பெத்தவ, ஒண்ணைக்கூட அதுக்குக் குடுக்கல.

அப்படிப் பார்க்காத தாயி. எனக்குத் தெரியும் நீ என்ன நினைக்கிறேன்னு. நான் நாய்களைப் புள்ளைக மாதிரிதான் வளர்த்தேன். சத்தியமாச் சொல்றேன், புள்ளைக மாதிரி. எனக்கு ஊத்துறதுக்கு முன்னாடி கருப்புக்குக் கஞ்சி ஊத்துவேன். ஜெயபால் நடை பழகுனது அந்தச் செம்மிக் கருப்போட காதைப் புடிச்சுக்கிட்டுத்தான். நான் காலையில மஸ்டருக்கு, பேர் குடுக்கப் போகணும், கைப்புள்ளைகளை விட்டுட்டுப் போறதுக்கு எஸ்டேட்டுல ஒரு கொட்டகை உண்டு, அங்க ஒரே ஒரு ஆயா, இருபது புள்ளைக. செம்மி அந்தக் கொட்டகை வாசல்ல போய்ப் படுத்துக்கும். ஜெயபால் அழுதான்னா தேயிலைக் காட்டுக்கு ஓடி வந்து என் படங்கைக் கடிச்சு இழுக்கும். படங்குன்னா நாங்க நனையாம இருக்க இடுப்புல கட்டிக்கிற சாக்கு. நான் கங்காணிகிட்டக் கெஞ்சிட்டு ஓடிப்போய்ப் பால் குடுத்துட்டு வருவேன். அந்தாளு சொல்லுவாரு, "ஏ இருளாயி, உன் புள்ளைக்கு நீ அம்மாவா, நாய் அம்மாவா"ன்னு.

வெள்ளைக் கருப்பு இருக்கே, அது வசந்திக்கு அம்மை போட்டப்போ பதினோரு நாளு வேப்பிலைக்குப் பக்கத்துலயே கிடந்துச்சு. அது நெஞ்சு மேல தலையை வச்சுக்கிட்டுத்தான் என் மக தூங்குவா. தலைக்குத் தண்ணி ஊத்துன அன்னைக்கு நாய்க்கும் சேர்த்து ஊத்தினோம். ஆமா, அதையும் சாயங்காலமானா வாசல்லதான் கட்டினேன். வேற எங்க கட்ட? அந்த வருசம் தையில அது போயிருச்சு. காலையில பாத்தா அத்த கயிறு மட்டும் கிடக்கு. வசந்தி எந்திரிக்குமுன்னே கயித்தைச் சுருட்டி அடுப்புல வச்சுட்டேன். நான் அழுவல. அழுதா புள்ளைகளுக்குத் தெரிஞ்சுரும்ல? காட்டுல கொழுந்து எடுக்கிறப்போ தனியா ஒரு வரிசை புடிச்சுக்கிட்டுப் போய் அழுதேன்.

எல்லார் வீட்டுலயும் இதுதான் வழக்கம். கடைசி வீட்டு மரியபுஷ்பத்தைத் தவிர. அவ புருசனுக்கு நாயைக் கண்டாலே ஆகாது, இழுப்பு வந்துரும். அவளுக்கு நாலு புள்ளைக, வாசல்ல ஒரு நாய் கிடையாது, வீடு பார்த்தா சோலையை ஒட்டி. நாங்கெல்லாம் திட்டுவோம், இவ என்னடி புள்ளைகளை இப்படித் திறந்து போட்டுருக்கான்னு. அவளுக்கு ஒண்ணுமே ஆகல. ஒரு நாளும் அவ வாசலுக்கு அது வந்ததில்லை. மாதா காப்பாத்துறாம்பா. எனக்கு அவளைப் பார்த்தா பொறாமையா இருக்கும். மாதா அவளுக்கு மட்டும் காவல் நிக்கிறா, எனக்குக் கருப்பைக் கட்ட வேண்டியிருக்கேன்னு.

டீ ஆறுது பாரு, குடி.

நாலாவது கருப்பு வந்தப்போ குமரேசனுக்கு நாலு வயசு. மாநிறம், பெரிய தலை, பொல்லாத பல்லு. அது மத்தது மாதிரி கட்டிப்போட்டாச் சும்மா கிடக்காது. கயித்தைக் கடிச்சு அத்துட்டு வந்து கதவைப் பிராண்டும். குமரேசன் எந்திரிச்சுக் கதவைத் திறந்து உள்ள விட்டுருவான். ரெண்டும் ஒரே சாக்குல சுருண்டு கிடக்கும். எத்தனை கயிறு மாத்துனேன்! உள்ள நாய் படுத்திருக்கு, வாசல் வெறிச்சுன்னு கிடக்கு. எந்திரிச்சு உக்காந்து கதவையே பார்த்துக்கிட்டு இருப்பேன். எங்க வீட்டாளு சோலைமலைகிட்டச் சொன்னேன், ஒரு சங்கிலி வாங்கியாந்து போடுங்கன்னு. "அம்மா கயிறுதான்னு சொல்லியிருக்கே"ன்னு அவுக இழுத்தாக. உங்க அம்மா காலத்து நாய் வேற, இது வேறன்னு நான்தான் நச்சரிச்சேன். வால்பாறைச் சந்தையில வாங்கியாந்தாக. நல்ல கனமான சங்கிலி, முனையில கொக்கி. பெரிய ஆளுக்கே அந்தக் கொக்கியை அமுக்கிக் கழட்டக் கட்டைவிரல் வலிக்கும்.

சங்கிலியில ஒண்ணும் இல்ல தாயி. நான் எதுக்குச் சங்கிலியைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்கேன். சொல்ல வந்தது ஜெயபாலைப் பத்தி.

அப்ப ஜெயபாலுக்குப் பன்னெண்டு வயசு. ஐப்பசி மழை. ஒரு வாரமா வெயிலே இல்ல, உடுத்துற துணி பூரா பூஞ்சை. ஒரு ஞாயித்துக்கிழமை அண்ணனும் தம்பியும் பம்பரத்துக்குச் சண்டை. அந்தக் கோவத்துல மூத்தவன் சின்னவன்கிட்டச் சொல்லிட்டான். என்ன சொன்னான் தெரியுமா? "கருப்பு எந்தச் சாமிகூடவும் போகலடா. அம்மா அதை வாசல்ல கட்டுறதே அது வந்து திங்கிறதுக்குத்தான். உன் கருப்பும் போகப்போகுது பாரு"ன்னுட்டான். எப்படித்தான் அவனுக்குத் தெரிஞ்சுச்சோ. நான் அத்த கயித்தை அடுப்புல வைக்கிறதை என்னைக்கோ பார்த்திருப்பான்.

குமரேசன் அடுப்படிக்கு வந்து என் சேலையைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டான். "ஏம்மா, கருப்பை அது திங்கவா கட்டுற?" அழுவல. சும்மாதான் கேட்டான், கடைக்குப் போறியான்னு கேக்குற மாதிரி. யாருடா சொன்னான்னேன். அண்ணேன்னான். போய் மூத்தவனைக் கூடைக் கயித்தால விளாசு விளாசுன்னு விளாசினேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடான்னு. சின்னவனுக்கு அப்புறம் பதில் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். உலை கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு, மழையில நனைஞ்ச விறகு வேற, ஊதி ஊதிக் கண்ணு எரியுது. பதில் சொல்ல எங்க நேரம்?

மறுநா திங்கக்கிழமை. ஆறு ஆறரை இருக்கும். மசங்கல். கரண்டு இல்ல. எங்க வீட்டாளு யூனியன் ஆபீசுக்குப் போயிட்டாக. வசந்தி வீட்டுப்பாடம் எழுதுறா. மூத்தவன் நேத்து வாங்குன அடியில முதுகைக் காட்டிக்கிட்டுப் படுத்திருக்கான். நான் கருப்பைக் கட்டிட்டு உள்ள வந்து ரசத்துக்குப் புளி கரைச்சேன். அவ்வளவு நேரந்தான் தாயி, புளி கரைக்கிற நேரம். குமரேசன் எந்திரிச்சு, பூனை மாதிரிக் கதவைத் திறந்துக்கிட்டு வெளிய போயிருக்கான். சத்தமே இல்ல. கருப்பை அவுத்துவிடப் போயிருக்கான். குத்தவச்சு உக்காந்து அந்தக் கொக்கியோட மல்லுக்கட்டியிருக்கான். அஞ்சு வயசுக் கைக்கு அது எங்க வரும்.

நாய் ஊளையிட்ட சத்தத்துலதான் நான் ஓடினேன்.

அது சோலை வரைக்கும் தூக்கிட்டுப் போகல. தேயிலையில நாலாவது வரிசைகிட்டப் போட்டுட்டுப் போயிருச்சு. குனிஞ்சு உக்காந்திருந்த புள்ளை, அந்த மசங்கல்ல நாய் உசரம்தான இருந்திருப்பான். எடுத்து மடியில போட்டேன். சூடு இருந்துச்சு. வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரல்ல சங்கிலித் துரு ஒட்டியிருந்துச்சு.

இரு, ஒண்ணுமில்ல. இருபத்தெட்டு வருசமாச்சு. இருந்தான்னா இப்ப முப்பத்திமூணு வயசு.

கருப்பா? கருப்புக்கு ஒரு கீறல் இல்ல. அதுக்கப்புறம் ஒன்பது வருசம் இருந்துச்சு. இந்த லைன்ல வயசாகிச் செத்த நாய் அது ஒண்ணுதான். தினம் கஞ்சி ஊத்துனேன், தினம் அதே கொக்கியில கட்டினேன். அது மூஞ்சியை மட்டும் பார்க்க மாட்டேன். சட்டியை வச்சுட்டுத் திரும்பிக்குவேன். அதுவும் என்னைப் பார்க்காது. ரெண்டு பேரும் அப்படியே காலத்தை ஓட்டிட்டோம்.

எதுக்குச் சொல்றேன்னா, நாய் ஒரு தப்பும் பண்ணல. நாய் வாசல்ல இருந்துச்சு, அதோட வேலையை அது பார்த்துச்சு. குமரேசன் உள்ள இருந்திருந்தா அவனுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. அவனை வெளிய இழுத்தது அந்தப் பேச்சு. ஜெயபால் பேசுன பேச்சு. குமரேசனை அடக்கத்துக்கு எடுக்கிற அன்னைக்கு ஊரே கூடியிருக்கு, நான் அவனைப் பார்த்து, "உன் வாய்தாண்டா என் புள்ளையைத் தின்னுச்சு"ன்னு சொன்னேன். சொன்னேன், இல்லைங்கல. வயிறு எரியிறப்போ வர்றதுதான.  அன்னையில இருந்து என்கிட்டப் பேச்சே குறைஞ்சுபோச்சு. பதினாறு வயசுல கோயம்புத்தூருக்கு லேத் பட்டறை வேலைக்குப் போயிட்டான். அங்கயே கல்யாணம். நான் விருந்தாளி மாதிரிப் போய் அட்சதை போட்டுட்டு வந்தேன். ரெண்டு பேரப்பயலுக இருக்கானுக, போட்டோவுலதான் பார்த்திருக்கேன். வசந்திகிட்ட மட்டும் போன்ல பேசுவான். போன பொங்கலுக்குப் போன் அடிக்குது, வசந்தி குளிக்கப் போயிட்டா, எடுத்தேன். "அம்மா"ன்னான். நான் போனைத் தர்ஷினி கையில குடுத்துட்டேன்.  இருபத்தெட்டு வருசத்துக் கோவம், அதை எங்க இருந்து பிரிக்கிறது?

சரி, என் கதை போதும். இதுக்குத்தான் சொன்னேன், வாசல்ல நாய் வேணும்னு. குமரேசனுக்கப்புறம் மூணு கருப்பு வந்து போயிருச்சு. இப்ப இந்த லட்டு. இந்தத் தர்ஷினிதான் கருப்புங்கிற பேரே வேண்டாம்னுருச்சு. "பாட்டி, இதுக்குத் தனிப் பேரு"ன்னு. சாயங்காலம் நான் சங்கிலியை எடுத்தாலே வீல்னு கத்தும். கத்தட்டும். நாளைக்கு வளர்ந்து நல்லா இருக்கும்ல? நீ நாயை ஏத்திக்கிட்டுப் போயிட்டா அது சோலையில இருந்து நேரா வீட்டுக்குள்ள வரும். அப்ப இந்தப் புள்ளைக்கு யார் பதில் சொல்றது, நீயா?

என்ன தாயி?

திருப்பிச் சொல்லு.

நாய் இருக்கிறதாலதான் வருதா?

அப்படி எல்லாம் சொல்லாத. நீ படிச்ச புள்ளை, உனக்குப் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ. காட்டுல அதுக்குத் திங்க ஆயிரம் இருக்கு, ஆளைக் கண்டா ஒதுங்கித்தான் போகும்ங்கிற. லைனுக்கு இறங்கி வர்றதே நாய்க்காகத்தான்ங்கிற. நீங்க கேமரா வச்சுப் பார்த்தீகளா? எத்தனை மாசம்? நாய் கட்டுற வாசலுக்குத்தான் திரும்பத் திரும்ப வருதா? நாய் இல்லாத வாசலைத் தாண்டிக்கிட்டுப் போகுதா?

சிரிப்பா இருக்கு எனக்கு. அப்ப எங்க மாமியாவுக்குத் தெரியலையா? இந்த லைன்ல இருந்த அத்தனை பொம்பளைகளுக்கும் தெரியலையா? நாங்கெல்லாம் இத்தனை வருசமா, பந்தியில இலை போட்டுச் சோறு வச்சுக் கூப்பிடுற மாதிரி, அதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டா...

மரியபுஷ்பம் வீடு சோலையை ஒட்டித்தான் இருக்கு. சொன்னேன்ல?

நாலு புள்ளைக அவளுக்கு. நாலும் இருக்கு.

கொஞ்சம் பேசாம இரு தாயி. ஒரு நிமிசம் பேசாம இரு.

இல்ல, எனக்குத் தண்ணி வேண்டாம்.

நீ சொல்றது நிசம்னா, அன்னைக்கு அது வந்தது கருப்புக்கு. கருப்பை நான் கட்டியிருந்தேன். நான் கட்டலைன்னா அது வந்தே இருக்காது. அவன் வெளிய போயிருந்தாக்கூட, சும்மா வெளிய நின்னுட்டு, அம்மா பசிக்குதுன்னு உள்ள வந்திருப்பான். அப்படித்தான? ஜெயபால் சொன்னது என்ன, உள்ளதைத்தான சொன்னான்? அது திங்கத்தான் அம்மா கட்டுறான்னான். பன்னெண்டு வயசுப் பயலுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. அதுக்குத்தான் அவனை முதுகு தோலுரிய அடிச்சேன். அதுக்குத்தான் அத்தனை பேரு நடுவுல...

நீ இதை முன்னாடியே வந்து சொல்லியிருக்கக் கூடாதா தாயி? ஆமா, நீ அப்ப பொறக்கவே இல்ல. உன்னைச் சொல்லி என்ன.

ஏத்திக்க. லட்டுவைக் கூட்டிட்டுப் போ. ஆமா, நான்தான் சொல்றேன். கைநாட்டு எங்க வைக்கணும்? கையெழுத்தே போடுவேன், வசந்தி கத்துக்குடுத்திருக்கா. இ, ரு... இங்கதான? இந்தா. கீழ பொள்ளாச்சிப் பக்கம் வச்சு வளர்ப்பீகன்னு சொன்னீகளே, அடிக்க மாட்டாகல்ல? இது பின்னாடி கூண்டுல ஏறாது, பயப்படும். முன்னாடி உன் பக்கத்துல வச்சுக்க. பிஸ்கட்டு குடுத்தா உக்காரும். தர்ஷினி வந்தா நான் சொல்லிக்கிறேன். கருப்பசாமி கதை எல்லாம் இல்ல, நடந்ததைச் சொல்லிக்கிறேன். அது என்னை என்ன கேட்டாலும் கேட்டுக்கிறேன்.

வா, வாசலுக்கு வா. நானே கழட்டித் தர்றேன். பகல்லயும் எதுக்குக் கட்டியிருக்கீகன்னு கேக்காத, நீங்க வர்றீகன்னு கேள்விப்பட்டுத்தான் காலையில கட்டினேன். அதே சங்கிலிதான், ஆமா. கொக்கி இன்னும் அப்படித்தான். இரு, என் விரலுக்கும் வர மாட்டேங்குது. இதுக்குத்தான் அந்தப் புள்ளை... இரு. வந்துருச்சு.

உன் போன்ல காசு இருக்கா? ஒரு நம்பர் போடணும். சுவத்துல காலண்டர் தொங்குது பாரு, அதுக்குப் பின்னாடி வசந்தி எழுதி வச்சிருப்பா. முதல் நம்பர். ஜெயபால்னு போட்டிருக்கா? போடு. நான் பேசல, நீ பேசு. நான் பேசுனா எனக்கு வராது. நாய்களைக் கணக்கெடுக்க வந்த ஆபீசரு பேசுறேன்னு சொல்லு. அது வர்றது நாயாலதான்னு சொல்லு, எவன் என்ன பேசுனாலும் அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்லு. கேமரா வச்சுப் பார்த்தோம்னு சொல்லு, அப்பத்தான் நம்புவான். நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத.

ரிங்கு போகுதா?

எடுத்துட்டானா? பேசு தாயி, பேசு. பட்டறைச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. சொல்லிட்டியா? எல்லாத்தையும் சொன்னியா? என்ன சொல்றான்?

 லைன்ல இருக்கானா? சத்தம் நின்னுருச்சே. மிசினை ஆஃப் பண்ணிட்டான் போல.

என்னமோ கேக்குறான் பாரு. என்ன கேக்குறான்? நாய் குரைக்கிற சத்தம் கேக்குது, அம்மா இன்னும் வாசல்ல நாயைக் கட்டிக்கிட்டுத்தான் இருக்காளான்னா கேக்குறான்?

இல்லைன்னு சொல்லு தாயி. அவுத்தாச்சுன்னு சொல்லு. இப்பத்தான் அவுத்தேன்னு சொல்லு.